செம்பூருக்குப் போன பூண்டுப் பொடி

தாராவி, 90 அடி ரோடு
8 ஜூலை 2024

தம்பி பெண்டாட்டி விஜயலட்சுமிக்குப் பேராச்சி எழுதுவது.

இங்கே நானும், மகன் ராஜபாண்டியும், உன் மகள் மாலதியும் சுகம். என் தம்பி ஆறுமுகநயினாரின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. உன் சுகத்தையும் முறைக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வீடு போன் இருக்கும்போது ஏன் தபால் என்று தபால்காரன் கேட்கிறான். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. 2008, வைகாசி மாதம். நம் பிள்ளைகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குத் தூக்குச்சட்டி நிறைய மீன் குழம்பு கொண்டுவந்தேன். நீ மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, அப்போது நீ குடியிருந்த லேபர் கேம்ப் பொம்பளைகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "மீன் நேத்தையதா மதினி?" என்றாய். இனிமேல் உன்னோடு பேசமாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பேத்தி மாரீஸ்வரிக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று வாரம் முழுக்க உன் வீட்டில் விட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் எனக்கு. நேற்று அவளுக்காக விடியற்காலையில் சயான் மார்க்கெட் போய், நெத்திலி வாங்கி, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக் குழம்பு வைத்தேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆச்சி, பஸ், போதும். நான் இனிமே மீன், முட்டை, கறி, பால் எதுவும் தொட மாட்டேன்" என்கிறாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை. அப்பன் தன் கையால் தைத்துக் கொடுத்த தோல் பையையும் ஆணியில் மாட்டிவிட்டாள். அந்த மடையன் சிரித்துக்கொண்டே, "துணியில தச்சுத் தாரேம்மா" என்கிறான்.

உன் வீட்டில் பிள்ளைக்கு என்ன மருந்து வைத்தாய்? பதில் எழுது.

எதையும் மறக்காத,
பேராச்சி


செம்பூர்
16 ஜூலை 2024

மதிப்பிற்குரிய மதினிக்கு வணக்கம்.

இங்கே மழையைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் தம்பியின் முழங்கால் பரவாயில்லை. முறைக்காகக் கேட்டாலும் என்னைக் கேட்டதற்கு நன்றி.

மருந்து எதுவும் நான் வைக்கவில்லை. மாரியின் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் வாரம் ஒரு பீரியட் சாப்பாட்டைப் பற்றி வகுப்பு நடக்கிறது. கன்றுக்குட்டிக்கு எவ்வளவு பால் போகிறது, முட்டைக் கோழியை எப்படிப்பட்ட கூண்டில் வைக்கிறார்கள், பயறிலும் எள்ளிலும் என்ன சத்து இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்களாம். நடத்துவது ருக்சானா மிஸ். உங்களுக்குத் தெரிந்த பெண்தான். ராஜபாண்டி வேலை பார்க்கிற தோல் பட்டறை முதலாளி ஜெயினுலாப்தீன் பாயின் மகள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டில் போய்ச் சண்டை போடக் கூடாது என்று சொல்லித்தான் பாடத்தையே தொடங்குகிறாளாம். கேட்ட நாற்பது பிள்ளைகளில் பிடித்துக்கொண்டது ஏழெட்டுப் பேர். அதில் நம்முடையது முதல் ஆள்.

வீட்டில் கஷ்டப்படுவது உங்கள் தம்பிதான். பேத்தி முன்னால் பால் டீ குடிக்கக் கூச்சப்பட்டு, வாக்கிங் போகிறேன் என்று முக்குக் கடைக்குப் போய் கட்டிங் சாய் குடித்துவிட்டு வருகிறார். மீசையில் பாலாடையோடு திரும்பி வருகிறார்.

மாரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். போன வாரம் நீங்கள் கொடுத்துவிட்ட பூண்டுப் பொடி பாட்டில் இருந்தால் இரண்டு இட்லி கூடவே இறங்குகிறது. முடிந்தால் இன்னும் அனுப்புங்கள்.

வணக்கத்துடன்,
விஜயலட்சுமி


தாராவி
22 ஜூலை 2024

விஜயலட்சுமிக்குப் பேராச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ருக்சானாவா! அவள் அம்மா மதீனா பீவி பக்ரீத்துக்கு அனுப்புகிற பிரியாணியை இந்தச் சந்தில் எத்தனை வீடு காத்துக்கிடந்து தின்கிறது! அந்த வீட்டில் பிறந்து அந்தப் பிரியாணியையே தொடமாட்டாளாம். போய்க் கேட்டேன். மதீனா பீவி, "என்னத்தச் சொல்ல ஆச்சி, எம் பங்கு கூடுதலாக் கெடைக்கி" என்று சிரிக்கிறாள். பெற்றவளுக்கே இப்படிச் சிரிப்பு என்றால் யாரிடம் போய் முறையிட?

இந்தக் கறி மீன் ஆகாது என்கிற பேச்சே எனக்குக் காந்தும். 1987. என் வீட்டுக்காரர் இருந்த காலம். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனோம். கதவைப் பாதி திறந்த அம்மாள், "மீன் சமைப்பேளா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். கதவு மூடினது. அந்தத் தாழ்ப்பாள் சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. இதை மாரியிடம் சொன்னேன். "நாளைக்கு நீயும் எனக்குக் கதவச் சாத்துவ, அப்படித்தானட்டி?" என்றேன். அவள், "அது வேற ஆச்சி. அவங்க மனுசங்களத் தள்ளி வச்சாங்க. நான் கோழியக்கூடத் தள்ளி வைக்கல" என்றாள். வாய்க்கு மட்டும் சத்து குறையவில்லை.

ஆனால் கன்னம் ஒட்டியிருக்கிறது. எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை. பிள்ளை உடம்பில் ரத்தம் ஊற என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பொடி இன்னொரு பாட்டில் அவளிடமே கொடுத்துவிட்டேன். நேற்று மார்க்கெட்டில் கூனிக் கருவாடு, அதான் இங்கே ஜவ்லா என்கிறார்களே, நல்லதாகக் கிடைத்தது. அதை வறுத்த கையோடு பொடிக்கும் வறுத்து அரைத்தேன். பூண்டு கொஞ்சம் தாராளம். அதில் என்ன போடுகிறேன் என்று கேட்காதே. கை ராசி.

பேராச்சி


செம்பூர்
5 ஆகஸ்ட் 2024

மதினிக்கு வணக்கம். எல்லோரும் நலம். பதில் பிந்தியதற்குக் காரணம் உங்கள் தம்பிக்குச் சளி.

பொடி வந்தது. மாரி அதைத் தன் டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு மராத்தியில் பாராட்டினார்களாம். அந்த வகுப்புக்கு இவளைத் தலைவியாகவும் போட்டுவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூனி வறுத்த கையோடு பொடிக்கும் வறுத்ததாக எழுதியிருந்தீர்கள். சட்டியையும் மிக்சியையும் கழுவினீர்கள்தானே?

வணக்கத்துடன்,
விஜயலட்சுமி


தாராவி
12 ஆகஸ்ட் 2024

விஜயலட்சுமிக்கு.

சுகம்.

என் வீட்டு மிக்சியை நான் கழுவினேனா என்று நீ கேட்கிறாய். 2008இல் மீன் நேற்றையதா என்று கேட்டாய். 2024இல் மிக்சி. உன் மூக்கை எங்கே நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாய். அந்த மீன் அன்றைக்குக் காலையில் வாங்கினது. மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்குக் காலையில்.

தம்பிக்குச் சளி என்றால் மிளகு தட்டிப் போட்டு ரசம் வை. உனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

பேராச்சி


செம்பூர்
24 ஆகஸ்ட் 2024

மதினிக்கு வணக்கம். உங்கள் தம்பிக்குச் சளி விட்டது. ரசம்தான் வைத்தேன். நீங்கள் எழுதுவதற்கு முன்பே வைத்தேன்.

இந்த ஞாயிறு மாரி தாராவி வரமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அட்டை வெட்டி ஒட்டுகிற வேலை. வருகிற வெள்ளிக்கிழமை, 30ஆம் தேதி, அங்கே தாவரத் தட்டு விழா. மீனோ கறியோ முட்டையோ பாலோ நெய்யோ கலக்காத ஒரு வீட்டுப் பண்டத்தை ஒவ்வொரு பிள்ளையும் கொண்டுவர வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் ருசி பார்ப்பார்கள். பரம்பரையாகவே முட்டைகூடத் தொடாத வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். மாரி கொண்டுபோகப் போவது இட்லியும் "தாராவி ஆச்சி பூண்டுப் பொடி"யும். அட்டையில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள். பெற்றோர்கள் எதிரே பொடியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசவும் போகிறாள். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள். "எங்க ஆச்சிக்கு இது பிடிக்கல, ஆனாலும் எனக்காகச் செஞ்சாங்க" என்று முடிக்கிறாள்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள் மதினி.

விஜயலட்சுமி


தாராவி
29 ஆகஸ்ட் 2024, வியாழன்

விஜயலட்சுமி,

உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம்தான் வந்தது. கோகுலாஷ்டமி லீவு, தயிர்ப்பானை உடைக்கிற லீவு, மழை என்று தபால்காரன் காரணம் சொன்னான். அவனையும் நான் மறக்கமாட்டேன்.

சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியில் கூனி இருக்கிறது. மிக்சி கழுவாததால் ஒட்டினது இல்லை. ஒரு கை நிறைய அள்ளி, வறுத்து, வேண்டுமென்றே போட்டேன். பூண்டைக் கூட்டினதும் வாசத்தை அமுக்கத்தான். பிள்ளை கன்னம் ஒட்டிப்போய் நின்றதைப் பார்க்க என்னால் ஆகவில்லை. ருசியில் தெரியாது, உடம்பில் சேரும் என்று நினைத்தேன். அவள் மட்டும்தான் தின்பாள் என்று நினைத்தேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாயில் போகும் என்று நான் கண்டேனா?

நாளைக்கு அத்தனை பேர் முன்னால் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் மாரி கதி என்ன? கண்டுபிடிக்காவிட்டாலும், எனக்காகச் செஞ்சாங்க என்று சொல்லப்போகிறாளே. அந்த வார்த்தையை எப்படி நான் தாங்க?

ராஜபாண்டியை விட்டுப் போன் பண்ணச் சொல்லலாம். எதற்கு என்று கேட்பான். மாலதி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உன் மகள் ஆயிற்றே, அதே மூக்கு.

இதைத் தபாலில் போட்டால் உன் கைக்குத் திங்கட்கிழமை வரும். போட்டும் விடுகிறேன். காலையில் நானே வருகிறேன்.

பேராச்சி


செம்பூர்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

வெள்ளிக்கிழமை மழையில் நனைந்தீர்களே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? 29ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு பீரோவில் பூட்டிவிட்டேன்.

நீங்கள் வந்த வரத்தை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். நானும் உங்கள் தம்பியும் இட்லித் தூக்கோடு பள்ளிக்கூட கேட்டில் நிற்கிறோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். குடை பிய்ந்து கம்பியாக நிற்கிறது. ஒரு காலில் செருப்பு இல்லை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து வாய் திறந்தீர்கள். அங்கேயிருந்தே கத்தினீர்கள், "கருவாடு!" என்று.

காவல்காரர், "மவுசி, மச்சி மார்க்கெட் உதர் ஹை" என்று மீன் கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் பாட்டிலைத் திறந்து உங்கள் மூக்குக்கு நேரே பிடித்து, "மோந்து பாருங்க மதினி" என்றேன். மோந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மறுபடியும் மோந்தீர்கள். அதற்குள் ருக்சானா மிஸ் வந்து, "ஆச்சி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

ஜூலையில் முதல் பாட்டில் வந்தபோதே மூடியைத் திறந்தேன். பூண்டுக்கு அடியில் கூனி. என் மூக்கைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே. பாட்டிலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, நானே ஒரு பூண்டுப் பொடி அரைத்து அதில் நிரப்பி வைத்தேன். அதற்கு அடுத்த பாட்டிலும் அப்படித்தான். இந்த வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மாரி தின்றது என் பொடி. உங்கள் பொடி முழுவதையும் உங்கள் தம்பி பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு தின்று தீர்த்தார். மூட்டுவலி குறைந்தது அதனால்தான் என்று சாதிக்கிறார்.

மாரி பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மேடையில் உங்களை நிற்க வைத்து மிஸ் பொடியின் பக்குவம் கேட்டாள். உங்களுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாரி, "எங்க ஆச்சிக்கு வெட்கம்" என்று சமாளித்தாள்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் அவள் தின்றது உங்கள் பொடிதானே. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
விஜயலட்சுமி


தாராவி
10 செப்டம்பர் 2024

விஜயலட்சுமிக்கு. எனக்குத் தும்மல் இருக்கிறது. மற்றபடி சுகம்.

சொல்லிவிட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், சந்தில் மோளம் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"எத்தன தடவ ஆச்சி?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

"நான் வேணாம்னு சொன்ன பிறகும் போட்டீங்களா?"

"சொன்ன பிறகுதாம்ட்டி போட்டேன். அதுக்கு முன்னால என் பொடியில கூனியே கெடையாது!"

நியாயமாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னபோது எனக்கே அது நன்றாகப் படவில்லை. அவள் அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நான் இனிமே உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலம் வரை அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொம்பைக் காட்டுகிறாள்.

நானும் மொண்டு மொண்டு வைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று சொல்லிற்று, இவள் என் ரத்தம்.

அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. அவள் சாப்பிட்டாளா என்றும் எழுது.

பேராச்சி


செம்பூர்
18.9.2024

தாராவி ஆச்சி,

நான் மாரி. சுகம். நீங்க சுகமா? தும்மல் போச்சா?

பேச மாட்டேன் சொன்னேன். எழுத மாட்டேன் சொல்லல. தமிழ் எழுத்து தாத்தா சொல்லி குடுத்தார். இத எழுத மூணு நாள் ஆச்சு. தப்பு இருந்தா தாத்தாவ திட்டுங்க.

உங்கள மீன் சாப்டாதீங்க நான் சொன்னேனா? இல்ல. மிஸ் யாரயும் ஃபோர்ஸ் பண்ணாதே சொன்னாங்க. அதான் நான் சும்மா இருந்தேன். உங்க பக்கத்துல உக்காந்து நீங்க மீன் சாப்டும்போது கத கேட்டேன். நீங்க மட்டும் ஏன் ஆச்சி?

நான் நல்லா சாப்டறேன். கடலை, எள்ளு உருண்டை எல்லாம். கன்னம் ஒட்டல. ஒயரம் ஆயிட்டேன், அதான். செவுத்துல அப்பா கோடு போட்டிருக்கார், பாருங்க.

கோபம் தீபாவளி வரைக்கும் பக்கா. ஆனா ஞாயிறு வருவேன். பொடி என் கண் முன்னாடி அரைக்கணும்.

மாரீஸ்வரி


தாராவி
7 அக்டோபர் 2024

விஜயலட்சுமிக்கு,

தும்மல் போய்விட்டது. எல்லோரும் சுகம். நீ சுகமா? இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை.

மாரி கடிதத்தை ராஜபாண்டியிடம் காட்டாமல், அவள் கோணல் எழுத்தை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே படிப்புதான் என்று தெரிந்தது. சுவரில் கோட்டையும் போய்ப் பார்த்தேன். வளர்ந்துதான் இருக்கிறாள். கன்னத்தைப் பார்த்த நான் காலைப் பார்க்கவில்லை.

நேற்று வந்தாள். பேசவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாக விரலை நீட்டினாள். நான் திறந்து காட்டி, "வத்தல்", "உளுந்து", "பெருங்காயம்", "பூண்டு" என்று பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னேன். கூனி டப்பாவைக் காட்டினாள். "அது எனக்கு" என்றேன். தலையாட்டினாள். அதைத் தூக்கி மேல் பலகையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மிக்சியைத் திறந்து உள்ளே மோந்தும் பார்த்தாள். அந்த மூக்கு அவளுக்கும் வந்திருக்கிறது. போகட்டும்.

நான்கு இட்லி தின்றாள். ஐந்தாவதை வைத்தபோது கையைக் குறுக்கே நீட்டினாள். ஆனால் முகம் அவ்வளவு மலரவில்லை. அது எனக்கு விளங்கியது. ஏனென்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உன் பொடியை நானும் மூன்று இட்லிக்குத் தொட்டுத் தின்றேன். கடைசியில் ஒரு வாசம் வந்தது. கறிவேப்பிலை இல்லை, மல்லி இல்லை, எள்ளும் இல்லை. ஒரு மாதமாக நாக்கில் வைத்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், அத்தனை பேர் முன்னால் நீ என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். இதை நான் மன்னிக்கப் போவதில்லை. மறுவீட்டு மீனுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துக்கொண்டேன். மீன் அன்றைக்குக் காலையில் வாங்கினதுதான். கேட்டில் நான் சொன்ன ஒரு வார்த்தை ஆத்திரத்தில் வந்தது, அதைப் பேச்சில் சேர்க்காதே. சத்தியம் சத்தியம்தான்.

அந்த வாசம் என்ன என்று எழுதச் சொல்லலாம். அந்தத் தபால்காரனை நம்பி எழுதச் சொல்ல முடியாது. வருகிற ஞாயிறு மாரியோடு நீயும் வா. தம்பியையும் கூட்டி வா, அவனுக்குத் தனிப் பொடி இருக்கிறது. நீ பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன். ஸ்டூலைப் போட்டு வைக்கிறேன். டப்பாவை விரலால் காட்டினால் போதும்.

பேராச்சி